நீ குடித்த காஸ்டிக், நான் கொடுத்த புளித்தண்ணீர்

கண்ணு,

இதைப் போனில் சொல்லத்தான் பார்த்தேன். மூன்று தரம் பார்த்தேன். அவிநாசி என்று நான் வாய் திறந்ததுமே, "அந்தப் பேச்ச உடுங்கம்மா, வேற எதாச்சும் சொல்லுங்க" என்று தடுத்துவிடுகிறாய். உன்னைக் குறை சொல்லவில்லை. அத்தை பெயர் காதில் விழுந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று உன்னைப் பழக்கியவளே நான்தான். ஐந்து வயதிலிருந்து பழக்கினேன். இப்போது அந்தப் பழக்கம் என் வாயையே அடைக்கிறது. அதனால் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்ற கை இது. என்னோடு தங்கிப் படிக்கும் உன் மகள் பவி தன் ரெக்கார்டு நோட்டில் மிஞ்சிய தாள்களைக் கிழித்துக் கொடுத்திருக்கிறாள். முடிந்ததும் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள். லூதியானாவுக்குத் தபால் வந்து சேரும்வரை பொறுத்திருக்க இங்கே நேரம் இல்லை.

விஷயம் இதுதான். உன் அப்பாவின் அக்கா, என் நாத்தனார், அவிநாசியில் மகள் வீட்டில் சாகக் கிடக்கிறாள். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் இரண்டு முறை ரத்தத்தை மிஷினில் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தவள், போன வெள்ளிக்கிழமையோடு போதும் என்று சொல்லிவிட்டாள். பவி விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "பத்து நாளுங்க அப்பாயி, மிஞ்சிப் போனா ரெண்டு நாளு கூட" என்றாள். கண் மூடுவதற்குள் உன்னை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அவள் கேட்கிறாள். பொங்கலுக்கு நீ வந்திருந்தபோதே ஆள்மேல் ஆள் விட்டுக் கேட்டாள். நீ மாட்டேன் என்றாய். அன்றைக்கு என் நெஞ்சு குளிர்ந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். என் பிள்ளை எனக்காக விட்டுக்கொடுக்காமல் நிற்கிறான் என்று அடுப்படியில் நின்று தனியாகச் சிரித்தேன். நீ நின்றது பொய்யின் மேல் என்று அப்போது எனக்கே தெரியாது.

எனக்கு மறதி கிடையாது, உனக்குத் தெரியும். என் கல்யாணத்தில் எந்தப் பந்தியில் யார் எனக்கு முகம் கொடுக்கவில்லை என்பதுகூட இன்றும் வரிசையாகச் சொல்லுவேன். அந்த ஞாபகத்தை வைத்துத்தான் உன்னை வளர்த்தேன். நோம்பிப் பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால் நீ காஸ்டிக் குடித்த கதையை எத்தனை முறை சொல்லியிருப்பேன்! உன் அத்தை பட்டறையிலிருந்து காஸ்டிக் தண்ணீரைக் குடிக்கிற கலர் சோடா பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வந்து கதவு மூலையில் வைத்தாள். நீ கலர் என்று நினைத்துக் குடித்தாய். நான் புளித்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்துக் காப்பாற்றினேன். ஆஸ்பத்திரியில் அவள் அந்த நல்ல பெயரையும் திருடப் பார்த்தாள். இதுதானே நீ கேட்ட கதை? இதில் நடக்காதது ஒன்றுமில்லை. எல்லாம் நடந்ததுதான். நான் அதற்குச் சொன்ன அர்த்தம்தான் பொய்.

நாங்கள் வேலை பார்த்த சலவைப் பட்டறை உனக்கு நினைவிருக்காது. பனியன் துணி பின்னி முடித்து நிட்டிங்கிலிருந்து வரும்போது எண்ணெயும் அழுக்குமாக மஞ்சளாக இருக்கும். அதைக் காஸ்டிக் போட்டுக் கொதிக்க விடுவோம். அழுக்கு கழன்றதும் துணியில் காஸ்டிக் மிச்சம் நிற்கும். அப்படியே சாயத்துக்கு விட்டால் கலர் திட்டுத்திட்டாக ஏறும். அதனால் கடைசியில் கொஞ்சம் ஆசிட் ஊற்றி அலசுவோம். இதற்கு நியூட்ரல் பண்ணுவது என்று பெயர். ஒரு துண்டுத் தாளைத் தண்ணீரில் நனைத்து, அது எந்த நிறத்துக்கு மாறுகிறது என்று அட்டையோடு ஒட்டிப் பார்ப்பார் மேஸ்திரி. "ஏழுக்கு வந்தாச்சா?" என்று உள்ளேயிருந்து உன் அப்பா கத்துவார். "வந்தாச்சுங்க" என்றால் தொட்டியைத் திறந்துவிடலாம். நான் பள்ளிக்கூடத்தில் படிக்காத கணக்கு அது. பட்டறையில் படித்தேன். கையில் காஸ்டிக் தெறித்தால்கூட, "ஆசிட் தண்ணில முக்கும்மிணி, நியூட்ரல் ஆயிரும்" என்பார் அந்த மேஸ்திரி. முக்குவோம். அதன் பிறகும் எரியும். எரிந்தாலும் சரியாகிவிட்டது என்று நம்புவோம். அந்த ஆள் செத்து வெகு காலமாகிறது. இருந்தாலும் அவர்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

அன்றைக்கு நீ அலறிய சத்தத்தில் நானும் உன் அத்தையும் ஒன்றாகத்தான் ஓடி வந்தோம். அப்போது ஒரே லைன் வீட்டு வரிசையில் பக்கத்துப் பக்கத்து அறையில் குடியிருந்தோம். நோம்பிக்கு எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய பாத்திரம் தேய்க்க என்று அவள் கொண்டுவந்து வைத்த பாட்டில் தரையில் உருண்டு கிடந்தது. உன் உதடு வெளுத்து வீங்கியிருந்தது. எச்சிலை விழுங்க முடியாமல் ஒழுகவிட்டுக்கொண்டிருந்தாய். அவள் உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "அம்மிணி, வாய மட்டும் பச்சத்தண்ணில கழுவி உடு. உள்ள ஒண்ணும் குடுக்காத. ஓடலாம் வா" என்றாள். நான் கேட்கவில்லை. எனக்குத்தான் கணக்குத் தெரியுமே. காஸ்டிக்குக்கு ஆசிட். வீட்டில் ஆசிட் இல்லை, புளி இருந்தது. ரசத்துக்கு ஊற வைத்திருந்த புளியை அப்படியே பிழிந்தேன். அவள் குறுக்கே வந்தாள். "வெச்சவ நீ. வாய மூடு" என்றேன். அதுவரை அவளை நாத்தனார் முறை சொல்லி நங்கையா, வாங்க, போங்க என்று பேசியவள் அன்றுதான் முதல்முறை நீ என்றேன். உன்னைப் பிடுங்கி மடியில் போட்டு, மூக்கைப் பிடித்து, புளித்தண்ணீரை ஊற்றினேன். பிறகு தொண்டையில் விரல் விட்டேன். மூன்று முறை வாந்தி எடுத்தாய். மூன்றாவது முறை ரத்தம் வந்தது. கெட்டது வெளியே வந்துவிட்டது என்று நினைத்தேன்.

ரோட்டுக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது அவள்தான். நான் அழுதுகொண்டு பின்னால் ஓடினேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் உருண்டுகொண்டிருந்தேன். உள்ளே ஒரு நர்ஸ், "புளித்தண்ணி ஆரு குடுத்தது?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. "நானுங்க. நான்தானுங்க குடுத்தேன்" என்று உன் அத்தை சொன்னதும் கேட்டது. அதற்குப் பிறகு டாக்டர் சொன்னது உன் அலறலில் காதில் விழவில்லை. எனக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றியது தெரியுமா? பிள்ளை பிழைக்கப் போகிறான், அதனால்தான் பெயர் வாங்க முந்துகிறாள் என்று தோன்றியது. பாட்டிலையும் வைத்துவிட்டு, நான் செய்த வைத்தியத்தையும் தன் பெயரில் எழுதிக்கொள்கிறாளே என்று தோன்றியது. பாட்டில் வைத்ததைக்கூட ஒருவேளை நான் மன்னித்திருப்பேன். இந்த ஒரு வார்த்தையை மன்னிக்கவில்லை. அன்று தொடங்கி முப்பத்தைந்து வருடம் அவளோடு பேசவில்லை. உன் அப்பா செத்தபோது, உடன்பிறந்த தம்பியின் முகத்தைப் பார்க்க வந்தவளை வாசலைத் தாண்ட விடவில்லை. தெருவிலேயே நின்று, பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனாள். உன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கவில்லை. வைக்காமலே மண்டபத்து வாசலுக்கு வந்தாள். நீ பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இனி பவி படித்த பாடத்துக்கு வருகிறேன். நர்சிங் முதல் வருடத்திலேயே கெமிஸ்ட்ரி இவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. உடம்பைப் பற்றிப் படிக்க எதற்கு ஆசிட்டும் உப்பும் என்று கேட்டேன். "உடம்பே அதுதானுங்க அப்பாயி" என்றாள். அவளுக்குச் சத்தமாகப் படித்தால்தான் ஏறும். அவள் கட்டிலில் காலை நீட்டிப் படிப்பாள், நான் கீழே உட்கார்ந்து கம்பெனியிலிருந்து வரும் பனியன்களுக்குப் பிசிறு வெட்டுவேன். அப்படித்தான் ஒரு மாதமாக அந்தப் பாடம் என் காதிலும் விழுந்தது. ஏழு என்று அவள் சொன்னதும் நிமிர்ந்தேன். அது நம் பட்டறை எண் அல்லவா? ஏழுக்குக் கீழே ஆசிட், மேலே காரம். ஒரு எண் நகர்ந்தால் பத்து மடங்கு, இரண்டு எண் நகர்ந்தால் நூறு மடங்கு என்றாள். எத்தனை வருடம் அந்தத் தாளைப் பார்த்திருக்கிறேன், எட்டுக்கும் ஒன்பதுக்கும் ஒரு படிதான் வித்தியாசம் என்றே நினைத்திருக்கிறேன். மனிதனின் ரத்தத்துக்கும் ஒரு எண் இருக்கிறதாம். ஏழுக்குக் கொஞ்சம் மேலே. அது அரை எண் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்ந்தாலே ஆள் பிழைப்பது கஷ்டமாம். அதை நகராமல் பிடித்துவைக்கத்தான் மூச்சும் சிறுநீரகமும் இரவும் பகலும் வேலை செய்கின்றனவாம். துணிக்கு எண் பார்த்தவள் நான், மனிதனுக்கு எண் உண்டு என்று யாரும் சொல்லித் தரவில்லை.

இன்னொன்றும் சொன்னாள். காஸ்டிக் பட்டால் விரல் வழுவழு என்று ஆகுமே, கழுவக் கழுவப் போகாதே, அது காஸ்டிக்கின் வழுவழுப்பு மட்டும் இல்லையாம். நம் தோலில் இருக்கும் கொழுப்பை அது சோப்பாக மாற்றுகிறதாம். "உங்க கையையே சோப்பாக்கிக் கழுவியிருக்கீங்க அப்பாயி" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்த பிறகுதான் உன் தொண்டை ஞாபகம் வந்தது. ஐந்து வயதுத் தொண்டை. அதற்கு மேல் பிசிறு வெட்ட முடியவில்லை.

ஆனால் அதற்கு அடுத்த நாள் ஒரு வரி படித்தாள் பார், எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆசிட்டும் காரமும் சேர்ந்தால் உப்பும் தண்ணீரும் ஆகும் என்று படித்தாள். மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடி சொன்னாள்.

"காஸ்டிக்கும் புளியும் சேந்தாலுமா கண்ணு?"

"அதும்தானுங்க. அது வேற மாதிரி உப்பு. ஆனா உப்புதான்."

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் முழுக்கதையையும் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். உன்ற அப்பன் உசுரோட இருக்கறதே இந்தப் பாடத்தாலதான், படிக்காத கழுதை நான் அன்னிக்கே இதச் செஞ்சேன், போய் உன்ற டீச்சர்கிட்டச் சொல்லு என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. "வாந்தி எடுக்க வெச்சீங்களா?" என்றாள். பின்னே என்றேன். "எத்தன தரமுங்க?" என்றாள். மூன்று என்றேன். புத்தகத்தை மூடிவிட்டு, "நான் போய்க் குளிக்கறனுங்க" என்று எழுந்தாள். அந்தப் பிள்ளை பகலில் குளித்து நான் பார்த்ததில்லை. கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"மறைக்காத அம்மிணி. அந்த வரில மிச்சம் என்ன இருக்குது?"

"சூடுங்க" என்றாள். உப்பும் தண்ணீரும் மட்டும் வருவதில்லை, கூடவே சூடும் வரும். புத்தகத்தில் அடுத்த வரியே அதுதான். நான்தான் அதற்குள் துள்ளிக் குதித்துவிட்டேன். பக்கெட் தண்ணீரில் காஸ்டிக்கைப் போட்டாலே பக்கெட் கொதிக்குமே, பிடியைப் பிடிக்க முடியாதே, கொஞ்சம் கொஞ்சமாகப் போடு என்று மேஸ்திரி கத்துவாரே, அது எனக்குத் தெரியாததா? கைக்குத் தெரிந்தது, புத்திக்கு எட்டவில்லை. தொட்டியில் ஆயிரம் குடம் தண்ணீர் இருந்ததால் அந்தச் சூடு ஒன்றுமில்லாமல் போயிற்று. உன் தொண்டையில் ஏது ஆயிரம் குடம்? அதோடு முடிந்ததா? பவி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "புளி அவ்வளவு பலமில்லீங்க அப்பாயி. புளிய உடுங்க. வாந்திதானுங்க. உள்ள போனது போற வழியெல்லாம் வேக வெச்சிருக்கும். அதத் திருப்பி அதே வழில மேல கொண்டு வந்தா, மறுக்காவும் வேகுமில்லீங்களா? அதனாலதான் காஸ்டிக் குடிச்சவங்களுக்கு வாந்தி எடுக்க வெக்கக் கூடாதுன்னு எங்களுக்கு மொதப் பாடமே." மூன்று முறை, கண்ணு. ஒருமுறை நீயாகச் சுட்டுக்கொண்டாய். மூன்று முறை நான் சுட்டேன்.

பவி நல்ல பிள்ளை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எதுல எவ்வளவு ஆச்சுன்னு ஆருமே சொல்ல முடியாதுங்க. காஸ்டிக் ஒரு வாய் போனாலே அப்பிடித்தான் ஆகும்" என்றாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் தொங்கிப் பார்த்தேன். தொங்க முடியவில்லை. பாட்டில் உன் அத்தை வைத்தது. அதை நான் இல்லை என்று சொல்லப் போவதில்லை, அவள் செத்தாலும் அது அவள் செய்ததுதான். ஆனால் உன் உணவுக்குழாய் பென்சில் அளவுக்குச் சுருங்கியதில் எனக்கு எவ்வளவு பங்கு என்று யாராலும் சொல்ல முடியாது என்றால், எனக்குப் பங்கே இல்லை என்றும் யாராலும் சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரி நாட்களை நான் உனக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை கோயமுத்தூருக்குக் கூட்டிப் போவேன். தொண்டைக்குள் குழாய் விட்டு விரிப்பார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் என் மடியில் படுத்தபடியே வருவாய். பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து, நீ குழைந்த சோற்றைத் தண்ணீர் விட்டு விழுங்குவதை வேடிக்கை பார்ப்பார்கள். அதற்குப் பிறகு நீ ஆள் முன்னால் சாப்பிடுவதையே விட்டாய். உன் கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து எல்லாரையும் பார்த்துச் சிரித்துவிட்டு, ஒரு பருக்கை தொடாமல் எழுந்தாய். எட்டு வயதில் ஒருநாள், "நான் எப்பங்கம்மா எல்லாரையும் மாதிரி சோறு உங்கறது?" என்று கேட்டாய். நான் என்ன பதில் சொன்னேன்? "உன்ற அத்தையப் போய்க் கேளு" என்றேன். நீ போகவில்லை. போயிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று இப்போது எனக்குத் தெரியும்.

ஏனென்றால் நான் போனேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பவியைக்கூட அழைக்காமல் தனியாக அவிநாசிக்குப் பஸ் ஏறினேன். அவள் மகள் என்னைப் பார்த்ததும் சண்டைக்குத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்து வாசலில் குறுக்கே நின்றாள். விலக்கிவிட்டு உள்ளே போனேன். உன் அத்தையைப் பார்க்க முடியவில்லை. முகம் ஊதி, கை கால் ஊதி, தோலெல்லாம் அரித்துச் சொறிந்த கோடு. உடம்பில் சேரும் உப்பை வெளியே தள்ள ஆளில்லை. அதில் பொட்டாசியம் என்று ஒன்று ரத்தத்தில் ஏறிக்கொண்டே போய், ஒருநாள் நெஞ்சு துடிப்பதை நிறுத்திவிடும் என்று பவி சொல்லியிருந்தாள். இளநீர்கூடக் கொடுக்கக் கூடாதாம், அதில் அது நிறைய இருக்கிறதாம். அவள் கண் மூடியிருந்தது.

"ஆரு?"

"நானுங்க நங்கையா."

கண்ணைத் திறந்து பார்த்தாள். "வழி தவறி வந்துட்டியாட்ட இருக்குது" என்றாள்.

"இல்லீங்க. பஸ்ஸு ஏறித்தான் வந்தேன்."

"அப்பச் சரி. தண்ணி குடி. எனக்குத்தான் அளந்து ஊத்தறாங்க. உனக்கென்ன கேடு, ஒரு சொம்பு குடி."

குடித்தேன். குடித்துவிட்டுக் கேட்டேன். "அன்னிக்கு ஆஸ்பத்திரில கேட்டப்ப, நீங்க குடுத்தேன்னு ஏனுங்க சொன்னீங்க?"

அவள் சுவரைப் பார்த்தாள். சிரிக்கிறாளா, மூச்சு வாங்குகிறாளா என்று தெரியவில்லை. "இப்பத்தான் ரிசல்ட்டு வந்துச்சா உனக்கு?" என்றாள்.

"பவி சொன்னாளுங்க."

"நர்ஸுக்குப் படிக்கற புள்ளையா? கெட்டிக்காரி. உன்னையாட்ட இல்ல." "அந்த டாக்டரு என்னைய அடிக்காத கொற. உள்ள போனது ஒருக்காச் சுட்டுது, நீ வெளிய எடுத்து எடுத்துச் சுட்டுட்டேன்னாரு. நீ வராண்டால பொரண்டுட்டு இருந்த. ஆஸ்பத்திரிக்குப் பின்னால கெணறு. உன்ற பேரச் சொல்லியிருந்தா நீ நேரா அங்கதான் போயிருப்ப. அப்பறம் அந்தப் புள்ளைய ஆரு பாக்கறது? பாட்டலு வெச்சவ நான். ஒரு பழியோட ரெண்டாவதும் கெடக்கட்டும்னு சொல்லிப்போட்டேன்."

"அப்பறமாச்சும் எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே?"

"எப்பச் சொல்றது? நீ கதவத் தொறந்தாத்தான?"

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. முப்பத்தைந்து வருடம் என்னை முட்டாளாக்கி வைத்திருந்தாளே என்று கோபம். அவள் நல்லவளாக இருந்ததற்கும் எனக்குக் கோபம் வந்தது. அதுவும் என் குணம், மாற்ற வயதில்லை. அவள் காலை எடுத்து மடியில் வைத்துப் பிடித்துவிட்டேன். அழுத்திய இடத்தில் குழி விழுந்து அப்படியே நின்றது. நான் எழுந்தபோதுதான், "பையன் இப்ப என்ன உங்கறான்?" என்றாள். தண்ணீர் விட்டுக் கரைத்தால் எல்லாம் சாப்பிடுகிறான் என்றேன். "செரி, ஆட்டும்" என்றாள். "ஒருக்காப் பாத்தாத் தேவல" என்றாள். உன்னை வரச்சொல் என்றுகூடச் சொல்லவில்லை. அவ்வளவுதான் கேட்டாள்.

புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் பெற்றவள், சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீ வேலை பார்க்கும் கம்பெனியில் ஆயிரம் கெமிக்கல் கேன் இருக்கும். எதில் என்ன இருக்கிறது என்று தமிழிலும் ஹிந்தியிலும் எழுதி ஒட்டு. குடிக்கிற பாட்டிலில் வேறு எதையும் ஊற்ற ஒருவரையும் விடாதே, உன் பெண்டாட்டியிடமும் சொல்லிவை. யாருக்காவது இப்படி ஒன்று ஆகிவிட்டால், தெரிந்ததை எல்லாம் செய்யாதே. வாயைக் கழுவிவிட்டுத் தூக்கிக்கொண்டு ஓடு. என் கேடு நான் ஒன்றும் தெரியாதவளாக இல்லாமல் போனதுதான். ஒன்றும் தெரியாதிருந்தால் உன் அத்தை சொன்னதைக் கேட்டிருப்பேன். பிறகு இன்னொன்று. பவிக்கு உன் பகையைக் கொடுக்காதே. நீ யாரை வெறுத்தாலும் உன்னோடு வைத்துக்கொள். நான் என் பகையை உன் தொண்டைக்குள் ஊற்றினேன். அந்த ஐந்து வயதில் எதை ஊற்றினாலும் நீ விழுங்கியாக வேண்டியிருந்தது.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. யாரையும் நான் மன்னித்ததில்லை, அதனால் அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நீ என்னோடு பேசாமல் இருக்கலாம். முப்பத்தைந்து வருடம் பேசாமல் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும், உன்னால் அவ்வளவு முடியாது, எனக்கும் அவ்வளவு ஆயுசு இல்லை. ஆனால் அதை எல்லாம் அவிநாசி போய்விட்டு வந்த பிறகு வைத்துக்கொள். பவி பிளைட்டுக்குப் பார்த்துச் சொல்லுவாள். கோயமுத்தூரில் இறங்கினால் நேரே அவிநாசிக்குப் பஸ் இருக்கிறது, நம் வீட்டு வழி வரவேண்டியதில்லை. அங்கே போய் அவள் முன்னால் உட்கார்ந்து ஒருவாய் சாப்பிடு. எவ்வளவு நேரம் ஆனாலும் சாப்பிடு. திரும்பும்போது இங்கே வர மனம் இல்லாவிட்டால் அப்படியே லூதியானாவுக்குப் போய்விடு. நான் ஏன் வரவில்லை என்று கேட்க மாட்டேன்.

நீ வருவாய் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், அந்த முகத்துக்கு ஒரு நல்ல வார்த்தையாக இருந்திருக்கும். ஆனால் சொல்லி, நீ வராமல் போனால், அதற்கும் காரணம் தான்தான் என்று சொல்லிவிட்டுச் செத்துப்போவாள்.

உன்
அம்மா